சைபர்னா பூஜ்யம்தானே? நோட்டீஸ் அடிக்கப் போய் மாட்டிக்கிட்டேன், உதவுங்க

ராக்கோழி · சனி, இரவு 11:48

மக்களே ஒரு சந்தேகம், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் பெங்களூர் பெல்லந்தூர்ல ஒரு கம்பெனில எஸ்ஓசி டீம்ல இருக்கேன், அதாவது கம்ப்யூட்டர்ல யாராவது அத்துமீறி நுழையறாங்களான்னு ராத்திரி பூரா அலெர்ட் பாத்து டிக்கெட் போட்டு மேல எஸ்கலேட் பண்ற வேலை. அம்மா அப்பா இருக்கறது கே.ஆர்.புரம் பக்கம் ஒரு லேஅவுட். பாதி வீடு தமிழ், முக்கால்வாசி ரிட்டயர் ஆனவங்க. கொஞ்ச நாளா அங்க போன்ல பேசி ஏமாத்தறது ஜாஸ்தியாயிடுச்சு, மூணு வீட்ல பணம் போயிருக்கு. அசோசியேஷன்ல "நீதான் அந்த வேலையே பாக்கறியே, அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் வந்து பேசு"ன்னுட்டாங்க. கன்னட நோட்டீஸ்ல செக்ரட்டரி "சைபர் பத்ரதே"ன்னு எழுதிட்டார். தமிழ் நோட்டீஸ் என் தலையில.

"சைபர் பாதுகாப்பு"ன்னு எழுதி அம்மாகிட்ட காட்டினேன். கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு படிச்சாங்க. "ஏண்டா, சைபர் பாதுகாப்புன்னா பாதுகாப்பே இல்லன்னுல்ல ஆகுது?"

அவங்க காலத்துல சைபர்னா கணக்கு பேப்பர்ல வாத்தியார் சிவப்பு மையில போடற முட்டை. சிரிச்சுட்டு விட்டிருப்பேன், ஆனா அடுத்து "சரி, உன் சைபர்னா என்ன?"ன்னு கேட்டாங்க பாருங்க, அங்கதான் மாட்டினேன். எட்டு வருஷமா இந்த வார்த்தைல சோறு திங்கறேன், பதில் தெரியல. "இன்டர்நெட்மா"ன்னு சமாளிச்சேன். "அப்ப இன்டர்நெட் பாதுகாப்புன்னே எழுதேன்"னாங்க.

தெரிஞ்சவங்க சொல்லுங்க. இது எங்கருந்து வந்துச்சு, தமிழ்ல என்ன போடலாம்?

மொக்கராசு · சனி, இரவு 11:59

உன் சம்பளத்துல வலது பக்கம் ரெண்டு சைபர் சேரட்டும்னு அம்மாவ வாழ்த்த சொல்லு மச்சி.

டிகாஷன்_மாமா · ஞாயிறு, காலை 6:10

சின்ன விஷயம் இது. சைபர்னா ரகசிய எழுத்து. யுத்தத்துல தந்தி அடிப்பாளே, எதிராளிக்குப் புரியாம மாத்தி எழுதறது, அதான் சைபர். கம்ப்யூட்டர்லயும் பாஸ்வேர்ட மாத்தி எழுதி வெக்கறா, அதனால சைபர் செக்யூரிட்டி. உங்கம்மா சொன்ன பூஜ்யமும் அதே வார்த்தைதான். முடிஞ்சது.

அகராதிக்காரி · ஞாயிறு, காலை 9:32

மாமா சொன்னதுல பாதி சரி, அந்தப் பாதிதான் எல்லாரையும் கவுக்குது. நான் அல்சூர்ல டாக்குமெண்ட் மொழிபெயர்ப்பு பண்றவ, இந்த ரெண்டு சைபரும் என் மேஜையில தினம் முட்டிக்கும்.

பூஜ்யம் சைபரும் ரகசிய எழுத்து சைபரும் ஒண்ணு, அது சரி. அரபில "ஸிஃபர்"னா காலி. நம்ம ஊர் சூனியத்த அவங்க அப்படி மொழிபெயர்த்தாங்க. அது லத்தீனுக்குப் போய் ஒரு கிளை ஜீரோ ஆச்சு, இன்னொரு கிளை முதல்ல பூஜ்யம், அப்புறம் எண்கள், அப்புறம் எண்கள வெச்சு மறைச்சு எழுதறதுன்னு பொருள் மாறி மாறி வந்துச்சு. உங்க அம்மாவோட முட்டையும் மாமாவோட தந்தியும் ஒரே வீட்டுப் புள்ளைங்க.

ஆனா சைபர் செக்யூரிட்டில இருக்கற சைபர் வேற வீடு. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் எழுத்தே வேற. தமிழ்ல எழுதறப்ப ஒரே மாதிரி வந்து நிக்குது, அவ்வளவுதான். இதோட பூர்வீகம் கிரேக்கம். "குபெர்னேதேஸ்", கப்பல்ல சுக்கான் பிடிக்கறவன். அந்தக் க, லத்தீன் வழியா இங்கிலீஷுக்கு வர்றப்ப ச ஆயிடுச்சு.

சுக்கான் பிடிக்கறதுக்கும் நாட்ட நடத்தறதுக்கும் ஒரே வார்த்தைய பிளேட்டோவே புழங்கியிருக்கார். 1834ல ஆம்பியர், ஆமா கரண்ட்டு அளவுக்குப் பேர் குடுத்த அதே ஆம்பியர்தான், அறிவியல்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் போடறப்ப ஆட்சி செய்யற கலைக்கு இதுலருந்து ஒரு பேர் வெச்சார். அது நிக்கல. அப்புறம் 1948ல நார்பர்ட் வீனர்னு எம்ஐடி கணிதக்காரர், சைபர்னெட்டிக்ஸ்னு ஒரு புஸ்தகம் போட்டார். ரெண்டாம் உலகப்போர்ல விமானத்த சுடற பீரங்கி, விமானம் அடுத்து எங்க போகும்னு கணக்குப் போட்டுத் திரும்பணும், அதுல வேலை செஞ்சவர். ஒரு செயல் நடக்குது, அதோட விளைவு திரும்பி வந்து அடுத்த செயல திருத்துது. மிருகமோ மிஷினோ எல்லாம் இப்படித்தான் தன்ன ஓட்டிக்குதுன்னு சொன்னார். 1955-56ல கல்கத்தா புள்ளியியல் நிறுவனத்துல வந்து தங்கியும் இருக்கார்.

இதுவரைக்கும் இன்டர்நெட் பேச்சே கிடையாது, கவனிங்க. அது வந்தது ஒரு கதைக்காரர் வழியா. வில்லியம் கிப்சன் 1982ல ஒரு சிறுகதைல "சைபர்ஸ்பேஸ்"னு போட்டார், 1984ல வந்த அவரோட நாவல் அத ஊர் பூரா பரப்புச்சு. அவர் அப்ப எழுதிட்டிருந்தது டைப்ரைட்டர்ல! அதுக்கப்புறம் இன்டர்நெட் வீட்டுக்கு வந்தப்ப, அந்த இடத்துக்கு ஒரு பேர் தேவைப்பட்டுச்சு, சைபர்ஸ்பேஸ் ரெடியா இருந்துச்சு, அதுலருந்து தலைய மட்டும் வெட்டி எடுத்து எதுக்கு வேணா ஒட்ட ஆரம்பிச்சாங்க, சைபர் கஃபே, சைபர் கிரைம், சைபர் லா.

வெட்டினதும் தப்பான எடத்துல. கிரேக்க வேர் "குபெர்ன்" வரைக்கும் இருக்கு, இவங்க ன்-ன அறுத்துட்டாங்க. நாம வெள்ளிக்கிழமை மடிவாளால ஏறறோமே ஆம்னி பஸ், அந்தக் கதைதான். ஆம்னிபஸ்னா லத்தீன்ல "எல்லாருக்கும்". அதுல "பஸ்" வெறும் வேற்றுமை உருபு, நம்ம "கு" மாதிரி. வால மட்டும் வெட்டி வண்டிக்குப் பேர் வெச்சாச்சு, அப்புறம் நாம திரும்ப ஆம்னியக் கொண்டாந்து முன்னாடி ஒட்டிக்கிட்டோம்.

ராக்கோழி · ஞாயிறு, மதியம் 1:15

இருங்க இருங்க, குபெர்னேதேஸ்னா நம்ம குபர்னெட்டிஸா?? ஆபீஸ்ல பக்கத்து டீம் பூரா அதத்தான் திட்டிட்டிருப்பானுங்க. நிறைய கம்ப்யூட்டர்ல ஓடற புரோகிராம்கள மேய்க்கற சாஃப்ட்வேர், 2014ல கூகுள் வெளிய விட்டது. அதோட லோகோ கப்பல் ஸ்டியரிங் சக்கரம்! ஸ்டிக்கர் என் லேப்டாப் மூடியிலேயே ஒட்டியிருக்கு, ஏதோ டிசைன்னு நெனச்சேன். அப்ப என் வேலையும் அவனுங்க வேலையும் ஒரே வார்த்தை. நான் எங்க டீம் குரூப்ல போட்டேன், ஒருத்தனுக்கும் தெரியல.

பேக்டரி_தாத்தா · ஞாயிறு, மாலை 4:40

தம்பி, அகராதிக்காரி அம்மா ஒண்ண விட்டுட்டாங்க. அந்த கிரேக்க வார்த்தை லத்தீனுக்குப் போறப்ப க போய் ஜி ஆகி "குபெர்னாரே"ன்னு ஆச்சு, அதுலருந்துதான் கவர்ன்மெண்ட், கவர்னர் எல்லாம். நான் சொல்ல வர்றது மாநில கவர்னர் இல்ல, இஞ்சின் கவர்னர்.

முப்பத்திரண்டு வருஷம் ஒரு தொழிற்சாலைல டீசல் செட் பராமரிப்புல இருந்தேன். பழைய செட்ல கவர்னர் வெளியவே தெரியும். ஒரு தண்டு, அதுல ரெண்டு பக்கம் ரெண்டு குண்டு தொங்கும். இஞ்சின் வேகம் எடுத்தா குண்டு ரெண்டும் ராட்டினத்துல பாவாடை விரியுமே அந்த மாதிரி விரியும். விரிஞ்சா ஒரு நெம்புகோல் இழுபடும், டீசல் குறையும், வேகம் இறங்கும். இறங்கினா குண்டு தாழும், டீசல் கூடும். ஒருத்தரும் பக்கத்துல நிக்க வேண்டாம், தன்னாலேயே அளவா ஓடும். ஜேம்ஸ் வாட் 1788ல நீராவி இஞ்சின்ல வெச்சது. 1868ல மேக்ஸ்வெல்னு இயற்பியல் விஞ்ஞானி இதுக்கு கணக்கு எழுதினார், தலைப்பே கவர்னர்களப் பத்திதான். வீனர் தன் சாஸ்திரத்துக்குப் பேர் தேடினப்ப, கவர்னருக்கு கிரேக்கத்துல மூல வார்த்தை எதுன்னு பாத்துதான் இத எடுத்தார், மேக்ஸ்வெல்லுக்கு மரியாதையா.

ஒரு தடவை நெம்புகோல் பின் தேஞ்சு கழண்டு விழுந்துடுச்சு. குண்டு விரியுது, சுத்துது, ஆனா டீசல் வால்வுக்கு சேதி போகல. சத்தம் ஏறிக்கிட்டே போச்சு. தரை அதிருது. நானும் ஹெல்ப்பரும் டீசல் லைன அடைக்க ஓடினோம், அந்த வால்வ மூடறதுக்குள்ள உயிரே இல்ல. மிஷின் நல்லா இருந்துச்சு, டீசல் நல்லா இருந்துச்சு. பிடி போயிடுச்சு, அவ்வளவே.

மொக்கராசு · ஞாயிறு, மாலை 5:02

அப்போ கவர்னரும் சைபரும் சொந்தக்காரங்க. நான் வேற எதுவும் சொல்லல.

மட்டுறுத்துநர் · ஞாயிறு, மாலை 5:05

சொல்லாம இருந்ததுக்கு நன்றி. அப்படியே இருங்க.

நற்றமிழன் · ஞாயிறு, இரவு 8:20

இவ்வளவு பேசறீங்க, தமிழ்ல என்னன்னு ஒருத்தரும் சொல்லலையே. இணையப் பாதுகாப்புன்னு எத்தனையோ வருஷமா நாளிதழ்ல எழுதறாங்க. பிடிக்கலைன்னா மின்வெளிக் காப்பு. இன்னும் வேரோட வேணும்னா கிரேக்கன் சொன்ன அதே ஆளுக்கு நம்மகிட்ட சங்ககாலச் சொல் இருக்கு, நீகான். அகநானூறு 255ல வருது. பின்னாடி மீகான், மீகாமன். "நீகான் காப்பு"ன்னு வைங்க. கடன் வாங்கின சொல் எதுக்கு, நம்ம வீட்லயே சுக்கான் இருக்கறப்ப.

தூத்துக்குடிக்காரி · ஞாயிறு, இரவு 9:11

அண்ணே கோச்சுக்காதீங்க, சுக்கானே கடன் வாங்கினதுதான். அரபிச் சொல். மாலுமியும் அங்கிட்டிருந்து வந்ததுதான், "முஅல்லிம்". கடல்ல போறவன் வார்த்தைக்கு பாஸ்போர்ட் கேக்க முடியுமா?

எங்க தாத்தா தோணில போனவர், கொழும்புக்கு சரக்கு ஏத்திட்டு. தோணில தலைவருக்குத் தண்டல்னு பேர். பாய் விரிக்கறது எத்தன பேர் வேணா செய்வாங்களாம், சுக்கான் மட்டும் கண்ட ஆள் கையில குடுக்க மாட்டாங்களாம். "தோணி யாருதுன்னு கேக்காத, சுக்கான் யார் கையிலன்னு கேளு"ம்பார். இப்ப பெங்களூர்ல உக்காந்து கோட் ரிவ்யூ பண்றப்ப அந்தப் பேச்சு ஞாபகம் வருது.

ஆனா அகநானூறு சொன்னதுக்கு நன்றிண்ணே, போய்ப் பாத்தேன். ராவுல கரையில மாடத்துல விளக்கு எரியுது, அத வெச்சு எந்தப் பக்கம்னு தெரிஞ்சு நீகான் கப்பல ஓட்டறான். மருதன் இளநாகனார் பாட்டு. வெளிச்சத்தப் பாத்து, திருத்தி, மறுபடி பாத்து. வீனர் சொன்னதும் இதத்தானே?

வக்கீல்_வண்டு · ஞாயிறு, இரவு 10:25

சட்டம் என்ன சொல்லுதுன்னு யாரும் பாக்கல போல. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ல வந்தப்ப இந்த வார்த்தைக்கு வரையறையே இல்ல. 2008 திருத்தத்துல சேத்தாங்க, 2009 அக்டோபர் 27லருந்து அமல். பிரிவு 2(1)ல அடுத்தடுத்து ரெண்டு சைபர் உக்காந்திருக்கு. முதல்ல சைபர் கஃபே, அடுத்தது சைபர் செக்யூரிட்டி. டீக்கடை பெஞ்சு மாதிரி பக்கத்துல பக்கத்துல.

சுவாரசியம் என்னன்னா, சைபர் கஃபே வரையறைல இன்டர்நெட்ங்கற வார்த்தை இருக்கு. சைபர் செக்யூரிட்டி வரையறைல இல்ல! தகவல், சாதனம், கம்ப்யூட்டர், தகவல் தொடர்புக் கருவி, அதுக்குள்ள இருக்கற விவரம், இதையெல்லாம் அனுமதியில்லாம நுழையறது, பயன்படுத்தறது, வெளிய விடறது, குலைக்கறது, மாத்தறது, அழிக்கறது, இதுலருந்து காக்கறதுதான்னு இருக்கு. அதனால நற்றமிழன் ஐயா, "இணையப் பாதுகாப்பு" சட்டப்படியே பத்தாது.

இன்னொண்ணு, சட்டத்துல ரெண்டு தனித்தனி வார்த்தையா எழுதியிருக்காங்க. அமெரிக்காக்காரங்க ஒட்டி எழுதறாங்க. இதுக்கு சண்டை போடற ஆளுங்களும் இருக்காங்க, எனக்கு அதுக்கெல்லாம் ஃபீஸ் வராது.

ராக்கோழி · திங்கள், இரவு 2:37

ஷிஃப்ட்ல இருந்து எழுதறேன், கியூ இப்ப காலியா இருக்கு.

வக்கீல் சார் சொன்னது சரி, என் வேலையில இருந்தே ஒரு உதாரணம். ஸ்டக்ஸ்நெட்னு ஒரு நாசகார புரோகிராம், 2010ல வெளிய வந்தது. ஈரான்ல நதான்ஸ்னு ஒரு எடம், யுரேனியம் செறிவூட்டற மையவிலக்கு மிஷின்லாம் இருந்த ஆலை. அது இன்டர்நெட்லயே இல்ல, வேணும்னே தனியா வெச்சிருந்தாங்க. பென் டிரைவ் வழியா உள்ள போயிருக்கு. போயி எந்த ஃபைலையும் திருடல. மிஷின் சுத்தற வேகத்த ஏத்தி இறக்கியிருக்கு, ஆபரேட்டர் ஸ்கிரீன்ல மட்டும் எல்லாம் நார்மல்னு பழைய ரீடிங்க ஓட்டிக் காட்டியிருக்கு. தாத்தா சொன்ன கழண்ட பின் மாதிரிதான், ஆனா இங்க பின்ன எவனோ வேணும்னே கழட்டிட்டு அதே எடத்துல பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கான். இத இணையப் பாதுகாப்புன்னு எப்படி சொல்றது, அங்க இணையமே இல்லையே.

அகராதிக்காரி அக்கா, நீங்க சொன்னதுக்கப்புறம் நான் செக்யூரிட்டி பாதியையும் தேடினேன். லத்தீன்ல "செக்யூருஸ்", கவலை இல்லாதவன்னு அர்த்தமாம். கவலை இல்லாம தூங்கறவன்னு இருந்திருந்தா எங்க டீம்ல ஒருத்தனும் செக்யூரிட்டி இல்ல.

சைபர் ஒட்டறதுக்கு முன்னாடி இதுக்கு கம்ப்யூட்டர் செக்யூரிட்டின்னுதான் பேர். 1970ல அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் வேர் தலைமையில ஒரு அறிக்கை வந்துச்சு, பல பேர் ஒரே கம்ப்யூட்டர பங்கு போட்டுக்கறப்ப எப்படிக் காப்பாத்தறதுன்னு. அதுல சைபர் வாசனையே கிடையாது. 1988 நவம்பர் 2ல மாரிஸ் புழுன்னு தன்னால பரவற ஒரு புரோகிராம் கிளம்பி ஆயிரக்கணக்கான மிஷின படுக்க வெச்சதும், கொஞ்ச நாள்லயே அமெரிக்காவுல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல முதல் அவசர உதவிக் குழு வெச்சாங்க, அதோட பேரும் கம்ப்யூட்டர்னுதான் ஆரம்பிக்கும். அதே வேலைக்கு நம்ம அரசாங்கம் வெச்ச குழு செர்ட்-இன் 2004ல வந்தது, இன்னிக்கும் அந்தப் பழைய பேர்தான். மெரியம் வெப்ஸ்டர் அகராதில சைபர்செக்யூரிட்டிக்கு முதல் புழக்கம் 1989னு இருக்கு. எனக்கு ஒரு வயசு மூத்தது.

எங்க ஆடிட்காரங்க தூக்கிட்டு அலையற ஐஎஸ்ஓ 27001னு தகவல் பாதுகாப்பு ஸ்டாண்டர்ட் இருக்கே, அதோட தலைப்புலயே சைபர்செக்யூரிட்டி ஏறினது 2022 பதிப்புலதான். வேலை அதே வேலை. போர்டு மட்டும் மாறுது. போர்டு மாறினதும் பட்ஜெட்டும் மாறுதுங்கறது வேற கதை.

அலெர்ட் வருது, போறேன்.

மர்ஃபிடவுன்_மருமக · திங்கள், மதியம் 12:50

ரெண்டு நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன். பின் கழண்டதுன்னு தாத்தா எழுதினதப் படிச்சதும் சொல்லணும்னு தோணுச்சு.

எங்க அத்தைக்கு 68 வயசு. "இன்னிக்கு ராத்திரி 9:30க்கு கரண்ட் கட்"னு மெசேஜ். அந்த நம்பருக்குக் கூப்பிட்டிருக்காங்க. பேசினவன் நல்ல தமிழ்ல, "அம்மா பதறாதீங்க, ஒரு சின்ன ஆப் போடுங்க, நானே சரி பண்ணித் தரேன்"னு அவ்வளவு பொறுமையா. அது ரிமோட்ல போன இயக்கற ஆப். அது ஏதேதோ பெர்மிஷன் கேட்டிருக்கு, ஒவ்வொண்ணுக்கும் இவங்க ஓகே ஓகேன்னு.

நான் அடுப்படில பருப்பு தாளிச்சுட்டிருந்தேன். "ஏ, இங்க வாயேன், போன் தன்னால ஓடுது"ன்னாங்க. போய்ப் பாத்தா அத்தை மடியில போன், ரெண்டு கையும் தூக்கி வெச்சிருக்காங்க தொடவே இல்லைன்னு காட்டற மாதிரி. ஸ்கிரீன்ல பேங்க் ஆப் தொறக்குது. ஒவ்வொரு எழுத்தா டைப் ஆகுது. நான் பேக் அழுத்தினேன், மறுபடி உள்ள போகுது. அழுத்தினேன், மறுபடி போகுது. எங்க கை ஒண்ணு, அவன் கை ஒண்ணு. ஆஃப் பண்ண பட்டன அமுக்கிப் புடிச்சேன், ஆஃப் பண்ணவான்னு கேட்ட அந்தக் கட்டத்தையும் அவன் மூடிட்டான். கடைசில வைஃபை ரவுட்டர் ஒயர புடுங்கிட்டு ஊசியால சிம் தட்ட வெளிய எடுத்தேன். அதுக்குள்ள 48,000 போயிடுச்சு. பருப்பு கருகின வாசனை வீடு பூரா.

உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு அடிச்சோம். ஒரு பகுதிய நடுவுல நிறுத்தி வெக்க முடிஞ்சுது, மிச்சம் போனது போனதுதான்.

அத்தை இன்னும் சொல்றது இதான்: "பணம் போனது கூட இல்லடி, போன் என் மடியிலதான் இருந்துச்சு, ஆனா என்கிட்ட இல்ல." ஓடிபி குடுக்காதீங்க குடுக்காதீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, அத்தை ஓடிபி குடுக்கவே இல்ல. அவனே எடுத்துப் படிச்சான்.

தூத்துக்குடிக்காரி · திங்கள், மதியம் 1:04

தோணி அத்தையுது. சுக்கான் அவன் கையில.

அகராதிக்காரி · திங்கள், மதியம் 1:30

ராக்கோழி தம்பி, கூட்டத்துல கிரேக்கமெல்லாம் பேசாதீங்க, இந்த அத்தை கதைய சொல்லுங்க. தலைப்புக்கு என் கருத்து: "சைபர்" இருக்கட்டும். 1930க்கு அடிச்சா "சைபர் கிரைம்"னுதான் எதிர்ல பேசுவாங்க, போலீஸ் ஸ்டேஷன் போர்டும் அதான். பெரியவங்க காதுல அந்த வார்த்தை விழுந்து பழகணும். மின்வெளின்னு எழுதினா கரண்ட் ஆபீஸ் விஷயம்னு நெனச்சு வர மாட்டாங்க. பக்கத்துல "பாதுகாப்பு" போட்டாதானே பூஜ்யம் ஆகுது? "சைபர் திருட்டு"ன்னு போடுங்க.

மொக்கராசு · திங்கள், மதியம் 1:33

சைபர் திருட்டுன்னா திருட்டே நடக்கலன்னு அர்த்தமாக்கும், அம்மா கேப்பாங்க.

நற்றமிழன் · திங்கள், மாலை 6:15

ஒத்துக்கறேன், நோட்டீஸுக்கு சைபரே இருக்கட்டும். ஆனா நீகான நான் விடல. ராக்கோழி, உங்க டீம் வாட்ஸ்ஆப் குரூப்புக்காவது அந்தப் பேர வைங்க.

ராக்கோழி · ஞாயிறு, இரவு 9:50

கூட்டம் முடிஞ்சுது, அப்டேட்.

தலைப்பு "உங்க போன் யார் கையில? சைபர் திருட்டு பத்தி பேசலாம் வாங்க"ன்னு எழுதிக் குடுத்தேன். கீழ பெருசா 1930. தாத்தாவோட டீசல் செட்டையும் அத்தையோட போனையும் சொன்னேன், மருமக அக்காகிட்ட கேட்டுட்டுதான். மையவிலக்கு வரைக்கும் போகவே இல்ல. ஒரு பாட்டி எந்திரிச்சு, தன் போன்ல அந்த மாதிரி ஆப் இருக்கான்னு பாக்கச் சொல்லிக் குடுத்தாங்க. இருந்துச்சு. பேரன் போட்டுக் குடுத்ததாம், அமெரிக்காலருந்து போட்டோ அழிச்சு எடம் பண்ணித் தர. வெச்சுக்கறதா எடுக்கறதான்னு அவங்களுக்கும் புரியல, எனக்கும் சட்டுனு சொல்ல வரல. கடைசில பேரனுக்கே போன் போட்டு, வேணும்கறப்ப போட்டுக்கலாம் இப்ப எடுத்துடலாம்னு முடிவு பண்ணினோம்.

நோட்டீஸ் அடிச்ச கடையில பையனுக்கு தமிழ் படிக்க வராது, என் கையெழுத்தப் பாத்து எழுத்து எழுத்தா தட்டியிருக்கான். நான் ஷிஃப்ட் முடிஞ்ச தூக்கத்துல சரி பாக்கல. நாலு பிளாக்லயும் ஒட்டினதுக்கப்புறம்தான் அம்மா போன் பண்ணாங்க. "சைபர்" எடத்துல "சைவர்"னு இருக்கு. சைவர் திருட்டு.

நெத்தி நிறைய விபூதியோட ரெண்டு பேர் முதல் வரிசைல உக்காந்திருந்தப்பவே எனக்கு சந்தேகம் வந்திருக்கணும்.